வளைவிலே மறுக்கும் வண்டி

பந்தயக் கார் என்றதும் நம்மிற் பலருக்கு நினைவுக்கு வருவது வேகம். நேர்ப்பாதையில் வேகத்தைத் தருவது எஞ்சின். பணமுள்ளவன் பெரிய எஞ்சினை வாங்கிவிடலாம். ஆனால் பந்தயத் தடம் என்பது வளைவுகளின் தொகுதியன்றோ? அங்கே வெற்றியை முடிவு செய்வது, சக்கரம் தரையை எவ்வளவு பிடிக்கிறது என்பதே. எங்கள் மாணவர் குழு கட்டிய சிறு பந்தயக் கார் இந்தப் பாடத்தை எங்களுக்குக் கற்பித்தது. பொறியியல் பயிலாத நண்பர்கள் அஞ்ச வேண்டா; பெருக்கத் தெரிந்தால் போதும்.

நான் பிறந்த ஊர் போனக்காடு. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா வழியாக மலையேறினால், 1868 மீட்டர் உயர்ந்து நிற்கும் அகத்தியர்கூடத்தின் பக்கத்திலே அந்தத் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. மலையாள நாட்டில் இருந்தாலும் எங்கள் லயங்களில் பேச்சு தமிழ்தான். என் தந்தையார் அங்கே கொழுந்து லாரி ஓட்டினார். இன்று தொழிற்சாலை ஓய்ந்து கிடக்கிறது. உழைத்தவர்களில் பலருக்குச் சேர வேண்டிய பாக்கி இன்னும் வந்து சேரவில்லை. என் தந்தையாரும் அவர்களில் ஒருவர்.

எங்கள் கார் பார்முலா பாரத் என்னும் மாணவர் போட்டிக்காகக் கட்டப்பட்டது. அப்போட்டி நடந்து வந்திருக்கும் இடம், கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி எஞ்சினை வைத்துக் குறைந்த செலவில் பந்தயக் கார்கள் கட்டி, இளைஞர்களை ஓட்டப் பழக்கிய கோவைப் பெருமகன் கரிவரதனின் பெயரை அது தாங்கி நிற்கிறது. 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனும் கோவைக்காரரே.

இனி நோயைச் சொல்கிறேன். வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் எங்கள் வண்டி திரும்பவில்லை. மூக்கை நீட்டிக்கொண்டு வெளிப்பக்கமாகவே சென்றது. இன்னும் திருப்பினால் முன் டயர் கிறீச்சிட்டதே தவிர வழி மாறவில்லை. இதற்கு ஆங்கிலப் பெயர் அண்டர்ஸ்டீர். முன்வழுக்கல் என்று நாம் சொல்லலாம். பின் சக்கரங்களுக்கு முன்பாக முன் சக்கரங்கள் பிடிப்பை இழந்துவிடுவதே இந்நோய். வீதியில் ஓடும் கார்களுக்கு இக்குணத்தைச் சிறிது வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். பயந்த ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானே வழிக்கு வரும். பின்பக்கம் சுழன்றால் அவ்வளவு எளிதில் வராது. ஆனால் தடத்திலோ இது நொடிகளைத் தின்றுவிடும்.

போட்டியிலே ஒரு சோதனை உண்டு. எட்டு என்னும் எண்ணின் வடிவில் இரண்டு வட்டங்கள். உள்வட்டத்தின் விட்டம் 15.25 மீட்டர், பாதையின் அகலம் 3 மீட்டர். வட்டத்தில் சுற்றும் வண்டிக்குத் தேவையான பிடிப்பு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 40 கிலோமீட்டர் வேகத்தை 44 ஆக்கினால் வேகம் நூற்றுக்கு 10 பங்குதான் கூடுகிறது. தேவைப்படும் பிடிப்போ 21 பங்கு கூடிவிடுகிறது. அந்த வட்டத்தில்தான் எங்கள் கார் கூம்புகளைச் சாய்த்துக்கொண்டே இருந்தது.

குழுவில் இரண்டு கட்சிகள் எழுந்தன. ஓட்டுகிற நண்பனை மாற்ற வேண்டும் என்றது ஒன்று. தலைக்கு ஐயாயிரம் ரூபாய் போட்டுப் புது டயர் வாங்க வேண்டும் என்றது மற்றொன்று. முதல் முடிவு ஒரு நல்ல தோழனின் மனத்தை முறித்துவிடும். இரண்டாவதோ, லயத்து வீட்டிலிருந்து நான் கேட்க முடியாத தொகை. "ஒரு வாரம் கொடுங்கள், உள்ளதை வைத்தே பார்ப்போம்" என்றேன்.

அன்றிரவு அப்பாவிடம் தொலைபேசியில் பேசினேன். மலையிறங்கும் லாரி மழையில் வளைய மறுத்தால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிரணும் தம்பி. ஆனா பிரேக்கை ஒரேயடியா விட்டுரக் கூடாது. விட்டா மூஞ்சி தூக்கிரும். முன் சக்கரத்துல பாரம் இருக்காது. பாரம் இல்லாத சக்கரம் எதைப் பிடிக்கும்? கொஞ்சங் கொஞ்சமா காலை எடு" என்றார்.

நூல்கள் டிரெயில் பிரேக்கிங் என்று பெயரிட்டு விளக்குவதும் இதையே. பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே வளைவில் நுழைந்தால் பாரம் முன்னே சாய்ந்திருக்கும். முன் டயரின் பிடிப்புக் கூடும். அளவு மீறினால் பின்பக்கம் இலேசாகிச் சுழன்றுவிடும். வளைவின் நடுவில் அவசரப்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பாரம் பின்னே போய் மூக்கு மீண்டும் விலகும்.

மறுநாள் தொடங்கி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்று விதி வைத்துக்கொண்டோம். முதலில் நண்பன் தன் பிரேக்கிங் முறையை மாற்றினான். அகன்ற வளைவுகளில் மூக்கு உள்ளே வந்தது. வட்டத்தில் மட்டும் குறை மிஞ்சியது. அங்கே ஒரே சீரான வேகமாதலால் பிரேக்குக்கு வேலையில்லை. ஆகவே வண்டியின் பக்கம் திரும்பினோம். முன்பக்கத்து ஆன்டி-ரோல் பாரைச் சற்றுத் தளர்த்தினோம். டயரின் மீது இரட்டிப்புப் பாரம் ஏற்றினால் பிடிப்பு இரட்டிப்பாவதில்லை. ஆகவே முன்பக்கத்தில் வெளிச் சக்கரமே சுமையெல்லாம் தாங்கினால் முன்பக்கத்தின் மொத்தப் பிடிப்புக் குறையும். கம்பி தளர்ந்தால் அச்சுமை மாற்றத்தில் ஒரு பங்கைப் பின்பக்கம் ஏற்றுக்கொள்ளும். அடுத்து, முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் தேய்ந்திருக்கக் கண்டு, அவற்றின் தலையை இன்னும் கொஞ்சம் உட்புறம் சாய்த்தோம். கடைசியாக முன் டயரின் காற்றை ஒரு ராத்தல் குறைத்தோம். வார முடிவில் கூம்புகள் நின்றன. நண்பனும் தன் இருக்கையில் நின்றான். டயருக்கென்று எவரும் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை.

செய்தியைச் சொன்னபோது அப்பா, "லாரியில இருந்த வித்தை காருக்கும் ஆகுதா?" என்று கேட்டுச் சிரித்தார். ஓட்ட லாரி இல்லாத அவருடைய குரலில் அந்தச் சிரிப்பை நான் கேட்டு நெடுநாளாகியிருந்தது.

தோழர்களே, ஒரு வேண்டுகோள். இச்சோதனைகளைத் தடத்திலே செய்யுங்கள். மலைச்சாலையில் எதிரே பேருந்து வரும், குழந்தை வரும். இன்னொன்று. தோட்டத்திலும் பட்டறையிலும் கைத்தொழிலால் அறிவு பெற்றவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டிய ஊதியம் சேரக் குரல் கொடுப்பது நம் கடமை. அவர்கள் அறிந்ததைக் கேட்டு, தமிழில் எழுதி, இம்மலரில் வெளியிடுவதும் நம் கடமை. அடுத்த இதழுக்கு யார் எழுதப் போகிறீர்கள்?