தொழில் என்ற இடத்தில் என்ன எழுதுவது?





சில வாரங்களுக்கு முன், நம் சபையைச் சேர்ந்த ஓர் இளைஞருடைய திருமண அறிவிப்புக்காக விவரங்களைக் குறித்துக்கொண்டிருந்தேன். பெயர், தகப்பனார் பெயர், வயது, வசிப்பிடம் எல்லாம் எழுதியாயிற்று. "தொழில்" என்ற இடத்துக்கு வந்ததும் என் பேனா நின்றது.

"தம்பி, என்னவென்று எழுதட்டும்?"

"டிரேடிங் ஐயா. முழு நேரமும் அதுதான்."

அருகில் அமர்ந்திருந்த தாயார் பதறினார். "அப்படி எழுதாதீங்க ஐயா. பெண் வீட்டார் ஏற்கெனவே ரெண்டு தடவை கேட்டுட்டாங்க. முன்னாடி சென்னையில கம்பெனி வேலையில இருந்தான்ல, அதையே எழுதிடுங்க."

அவர் அந்த வேலையை விட்டு இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. திருச்சபையின் ஏட்டில் உண்மையல்லாததை எழுத இயலாது. எனவே "வியாபாரம்" என்று எழுதினேன். வருமானவரிச் சட்டமும் அந்த வருவாயை வியாபார வருமானம் என்றே கொள்கிறது. தாயாருக்கு ஓரளவு ஆறுதல். தாயார் சென்ற பின்பும் மகன் எழுந்திருக்கவில்லை.

"ஐயா, எனக்காக ஜெபிக்கணும்."

"நஷ்டமா, தம்பி?"

"இல்லை ஐயா. இந்த வருஷம் செலவு போக மிச்சம் இருக்கு. ஆனா வேலை செஞ்ச மாதிரியே இல்லை."

அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். நஷ்டத்தோடு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்கு வார்த்தைகள் உண்டு. லாபம் வந்தும் வெறுமையாய் அமர்ந்திருந்தவருக்கு என்ன சொல்வதென்று அன்று எனக்குத் தெரியவில்லை. அன்று சொல்லத் தெரியாததையே இன்று எழுதிப் பார்க்கிறேன்.

வியாபாரம் நம் கரைக்குப் புதியதன்று. நமக்குத் தெற்கே, நாகூரைத் தாண்டியிருக்கும் நாகப்பட்டினத்தை 1658-ல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றியது; 1781 வரை அது அவர்கள் வசமிருந்தது. இந்தக் கரையில் நெய்த துணிகளைக் கப்பலேற்றிய அதே கம்பெனியின் பங்குகளைத்தான் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் வாங்கியும் விற்றும் வந்தார்கள். அந்தச் சந்தையைப் பற்றி 1688-ல் ஜோசஃப் டி லா வேகா என்பவர் ஒரு நூல் எழுதினார். பங்குச் சந்தை குறித்த முதல் நூல் என்று கருதப்படும் அதன் பெயருக்கு "குழப்பங்களின் குழப்பம்" என்று பொருள். இன்றைய ஆப்ஷன் வியாபாரமும் அதில் விவரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே, நம் தம்பி மாடி அறையில் கணினி முன் அமர்ந்து செய்வது ஏதோ நேற்று முளைத்த பாவம் என்று நான் சொல்லமாட்டேன். விலை ஏறுமோ இறங்குமோ என்ற ஆபத்தைத் தன் தோளில் ஏற்க ஒருவர் இருப்பதால்தான், பருத்தி விற்பவரும் ஏற்றுமதி செய்பவரும் தங்கள் விலையை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ள முடிகிறது. சந்தைக்கும் சமூகத்தில் ஓர் ஊழியம் உண்டு.

ஆனால் அந்த ஊழியத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதையும் நாம் அறியவேண்டும். பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில், ஃபியூச்சர்ஸ் மற்றும் ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதத்தினர் நஷ்டமடைந்தார்கள். அவர்களின் சராசரி நஷ்டம் ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். தனிநபர்கள் இழந்த மொத்தத் தொகை 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கும் மேல். செலவுகள் போக 1 லட்சம் ரூபாய்க்கு மேல் லாபம் கண்டவர்கள் 1 சதவீதத்தினர் மட்டுமே. இவ்வியாபாரத்தில் இருப்பவர்களில் 72 சதவீதத்துக்கும் அதிகமானோர் முதல் 30 பெருநகரங்களுக்கு வெளியே வாழ்கிறவர்கள். அதாவது, நம்முடைய ஊரைப் போன்ற ஊர்களிலும் இருக்கிறவர்கள். 2023-24-ல் 43 சதவீதத்தினர் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் நஷ்டப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் அதன் பின்னும் விடவில்லை. எதிர்ப்புறத்தில் லாபம் ஈட்டியவர்கள் பெரும்பாலும் கணினி நிரல்களைக் கொண்டு வியாபாரம் செய்யும் பெரிய நிறுவனங்கள். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்க நினைக்கும் தம்பிமாரும் தங்கைமாரும் இந்த எண்களை ஒருமுறை பெற்றோரோடு அமர்ந்து வாசிக்கவேண்டும்.

இனி, நஷ்டமடையாத அந்த ஒருவருடைய நாளைப் பாருங்கள். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். விடிந்ததும் ஜெபத்துக்கு முன் கைப்பேசியில் கிஃப்ட் நிஃப்டி. ஒன்பதேகாலுக்குச் சந்தை திறக்கிறது. தாயார் வைத்துவிட்டுப் போன தேநீர் ஆறிப்போகிறது. பகல் மூன்றரைக்குச் சந்தை மூடினாலும் மனம் மூடுவதில்லை. மாலையில் ஐரோப்பா, இரவில் அமெரிக்கா, கமாடிட்டி சந்தையோ நள்ளிரவை நெருங்கும் வரை. 2024 ஜூன் 4-ம் தேதி, தேர்தல் முடிவு வந்த அன்று, நிஃப்டி ஒரே நாளில் ஏறத்தாழ 6 சதவீதம் வீழ்ந்தது. அன்று அவர் தப்பித்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பின் பல இரவுகள் திடுக்கிட்டு விழித்து, கைப்பேசியைத் தேடியிருக்கிறார். வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் கடல் இருக்கிறது. அதைப் பார்த்துப் பல மாதங்கள் ஆகின்றன. சம்பளச் சீட்டு இல்லாததால் வங்கிக் கடனுக்கு அலையவேண்டியிருக்கிறது. லாபத்தைச் சொன்னால் கடன் கேட்கிறார்கள், அல்லது எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். நஷ்டத்தைச் சொன்னால், அப்போதே சொன்னோமே என்கிறார்கள். எனவே இரண்டையும் எவரிடமும் சொல்வதில்லை.

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் மனசாட்சி என்னைக் குத்தியது. உங்கள் போதகராகிய நானும் உங்களிடம் ஒன்றை அறிக்கையிட வேண்டும்.

2020-ல் ஊரடங்கு வந்து ஆலயக் கதவுகள் பூட்டப்பட்டிருந்த மாதங்களில், நானும் ஒரு டீமேட் கணக்கைத் தொடங்கினேன். மகளுடைய படிப்புக்கென்று சேர்த்ததில் ஒரு சிறு தொகைதான். நஷ்டம் ஏதும் வரவில்லை. ஊரடங்கு தளர்ந்தபின், ஒரு புதன்கிழமை பகல் மூன்று மணியளவில், படுக்கையிலிருந்த ஒரு மூதாட்டியைச் சந்திக்கச் சென்றிருந்தேன். அவர் தம் கணவரோடு இந்த ஊருக்கு வந்த கதையை மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கை சட்டைப்பைக்குள் போய்க் கைப்பேசியை எடுத்தது. விலையை ஒருமுறை பார்த்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் பேச்சை நிறுத்தியிருந்தார். "ஐயாவுக்கு ஏதோ அவசரம் போல. போயிட்டு வாங்க" என்றார். அதில் குறையில்லை, கோபமில்லை. நான் ஜெபித்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரத்தில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கதையின் மீதியை நான் கேட்கவேயில்லை.

அந்தக் கணக்கில் நான் இழந்தது அதுதான். பங்குகளை விற்றுவிட்டேன் என்பதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த வெட்கத்தோடு அவற்றை வைத்திருக்க எனக்குப் பலமில்லை.

பிரியமானவர்களே, "பங்கு" என்ற சொல்லைச் சற்று எண்ணிப் பாருங்கள். நம் பட்டினச்சேரிக் கரையில் படகு திரும்பியதும் மீன் விற்ற பணத்தில் செலவு போக மீதியைப் பங்கு பிரிக்கிறார்கள். படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, போன ஆட்களுக்குப் பங்கு. மீன் படாத நாளில் வெறுங்கையும் எல்லாருக்கும் பங்குதான். லூக்கா ஐந்தாம் அதிகாரத்தில் சீமோனும் கூட்டாளிகளும் இராமுழுதும் உழைத்து ஒன்றும் கிடைக்காமல் ஒன்றாகவே கரையில் வலையை அலசிக்கொண்டிருந்தார்கள். வலை கிழியும்படி மீன் பட்டபோதும், அடுத்த படகிலிருந்த கூட்டாளிகளுக்குச் சைகை காட்டித்தான் கரை சேர்த்தார்கள். இழப்பிலும் ஆள் இருந்தது. நிறைவிலும் ஆள் இருந்தது. மாடி அறையில் நம் தம்பிக்கு எதிரே ஆள் இல்லை. எதிர்ப்புறத்தில் நிச்சயமாக ஒருவர் இருக்கிறார். ஆனால் அவர் முகம் தெரியாது. வேலை செய்த உணர்வே இல்லை என்று அவர் சொன்னதன் வேர் இதுவென்றே நினைக்கிறேன். நம் வடக்கே தரங்கம்பாடியில் 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க் ஐயரின் லுத்தரன் மரபு, தொழிலை ஓர் அழைப்பு என்று கற்பித்தது; நம் தொழிலின் வழியாகவே அயலானுக்கு ஊழியம் செய்கிறோம் என்பது அதன் சாரம். அயலான் கண்ணில் படாத தொழிலில் அந்த அழைப்பைக் கேட்பது கடினம்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் நம் கரையின் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வயலுக்கும் அறுப்புக்குப் பின் ஓய்வு உண்டு. வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்த்தவர்களுக்கு ஆளுக்கு ஓர் ஓமர் என்ற அளவு இருந்தது. விடியும்வரை வைத்ததில் புழு நெளிந்தது. ஓய்வுநாளுக்கென்று முந்தின நாளிலேயே இரட்டிப்பாய்க் கிடைத்தது. போதும் என்ற சொல்லை அங்கே ஆண்டவரே சொல்லிக்கொடுத்தார். சந்தை அந்தச் சொல்லைச் சொல்லித்தராது. லாபம் வந்தால் இன்னும் கொஞ்சம் என்கிறது. நஷ்டம் வந்தால் விட்டதைப் பிடி என்கிறது.

தாலந்துகளின் உவமையைச் சுட்டி, இயேசுவே வியாபாரத்தை மெச்சினாரே என்று சிலர் என்னிடம் கேட்பதுண்டு. உண்மைதான். ஆனால் அந்த எஜமான் நெடுங்காலம் கழித்தே கணக்குக் கேட்க வந்தார் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்குத் தன்னைத்தான் நியாயந்தீர்த்துக்கொள்ளும்படி அவர் எந்த ஊழியக்காரனுக்கும் சொல்லவில்லை.

சரி, அந்தத் தம்பிக்காக என்னவென்று ஜெபித்தேன்? சந்தை ஏறவேண்டும் என்று ஜெபிக்க முடியவில்லை. ஆப்ஷன் ஒப்பந்தத்தில் ஒருவர் பெறுவது இன்னொருவர் இழப்பதே. என் ஜெபம் கேட்கப்பட்டால், இன்னோர் ஊரில் இன்னொரு தாயின் மகன் இழக்கவேண்டும். எனவே அவருடைய நாளுக்காக ஜெபித்தேன். பின்பு இருவருமாகப் பேசி மூன்று காரியங்களைத் தீர்மானித்தோம்.

முதலாவது, ஓமர். ஒரு நாளில் எவ்வளவு இழக்கலாம், எத்தனை மணிக்குக் கணினியை மூடுவது என்பதைச் சந்தை திறக்குமுன் தாளில் எழுதிவைப்பது. வீட்டுச் செலவுக்கும் தாயாரின் மருத்துவத்துக்கும் உரிய பணத்தை அந்தக் கணக்குக்குள் கொண்டுபோகாதிருப்பது.

இரண்டாவது, கூட்டாளி. மாதம் ஒருமுறை லாப நஷ்டக் கணக்கை ஒளிக்காமல் தாயாரிடமும், வரப்போகும் மனைவியிடமும் காட்டுவது. பெண் வீட்டாரிடமும் திருமணத்துக்கு முன்பே உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது.

மூன்றாவது, முகம். மாலை நான்கு மணிக்கு மேல் மனிதர் முகம் பார்க்கும் ஒரு வேலை. அவருக்குக் கணக்கு நன்றாக வரும். இப்போது வாரத்தில் மூன்று நாட்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஏழு பேருக்கு நம் ஆலய வளாகத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். கட்டணம் வாங்குவதில்லை. சென்ற வாரம் வகுப்பு முடிந்து பூட்டுச் சாவியைக் கொடுக்க வந்தவர், பின்னங்களில் தடுமாறிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பற்றி இருபது நிமிடம் நின்று பேசினார். அன்று சந்தை என்ன ஆயிற்று என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதமாட்டேன். பெண் வீட்டாருக்கு உண்மையைச் சொன்னபோது, யோசிக்கச் சில நாட்கள் கேட்டார்கள். அந்த நாட்கள் அவருக்கும் தாயாருக்கும் எளிதாயிருக்கவில்லை. பின்பு பெண்ணே அவரிடம் நேரில் பேசிச் சம்மதித்தார். ஓராண்டு முயன்று பார்ப்பது, சேமிப்பு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் வேலைக்குத் திரும்புவது என்று இருவரும் பேசிவைத்திருக்கிறார்கள்.

உங்களில் சிலர் கடையில், சிலர் துறைமுகத்தில், சிலர் அலுவலகத்தில், சிலர் அயல்நாட்டில் உழைக்கிறீர்கள். இந்த வாரத்தில் ஒரு மாலை, உங்கள் தொழிலில் உங்களோடு லாபத்தையும் நஷ்டத்தையும் பங்கிடுகிறவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அந்தப் பேர்களைச் சொல்லி ஸ்தோத்திரியுங்கள். ஒரு பேரும் வராவிட்டால், தயங்காமல் என்னிடம் வாருங்கள். கைப்பேசியை வீட்டில் வைத்துவிட்டு உங்களைக் கேட்க ஆயத்தமாயிருக்கிறேன்.

ஜெபிப்போம்: பரம பிதாவே, எங்கள் கைகளின் பிரயாசத்துக்கு அளவையும், எங்கள் இருதயத்துக்கு இளைப்பாறுதலையும் தாரும். தனிமையில் உழைக்கிற பிள்ளைகளுக்கு உடன் நிற்க ஆட்களைத் தாரும். அருகிலிருப்பவர் சொல்லும் கதையை முடிவுவரை கேட்கும் பொறுமையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.

கர்த்தருடைய ஊழியத்தில்,
உங்கள் போதகர்