கடலுக்கு நேரம் சொன்ன தச்சர்

லண்டன் கிரீன்விச் வானாய்வுக்கூடத்தின் முற்றத்தில், தரையில் ஓர் உலோகக் கோடு பதித்திருக்கிறார்கள். ஒரு கால் கிழக்கில், ஒரு கால் மேற்கில் என்று அகட்டி நின்று படம் எடுத்துக்கொள்ள எப்போதும் ஒரு வரிசை. நிற்கும்போதே கைப்பேசியில் இருப்பிடத்தைப் பார்த்தால் சின்ன ஏமாற்றம். தீர்க்கரேகை பூஜ்யம் என்று காட்டாது. செயற்கைக்கோள் கணக்கின் பூஜ்யம் அங்கிருந்து கிழக்கே 102 மீட்டர் தள்ளிப் போகிறது. அந்த இடத்தில் வரிசை எதுவும் இல்லை.

வானொலியில் வேலை செய்பவர்களுக்குக் கிரீன்விச் ஒரு வகையில் குலதெய்வக் கோயில். மணிக்கு மணி ஒலிக்கும் அந்த ஆறு 'பிப்' ஒலிகளை 1924 பிப்ரவரியில் பிபிசி தொடங்கியபோது, அவை இந்தக் குன்றின் மேலிருந்த கடிகாரங்களிலிருந்துதான் போயின. அதற்காகத்தான் நான் போனேன். ஆனால் இரண்டு மணி நேரம் என்னை உள்ளே பிடித்துவைத்தவை நான்கு கடல் கடிகாரங்கள். செய்தவர் ஜான் ஹாரிசன், யார்க்‌ஷரில் பிறந்த ஒரு தச்சர்.

கடலுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்? நடுக்கடலில் வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைச் சூரியனின் உயரத்தை வைத்துக் கணித்துவிடலாம். கிழக்கு மேற்காக எங்கே என்பதுதான் சிக்கல். பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது, அதாவது ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கப்பலில் நண்பகல் ஆகும்போது புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்தால் போதும், தீர்க்கரேகை கிடைத்துவிடும்.

நம் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கணக்குப்படி சிங்கப்பூர் கிரீன்விச்சைவிட 6 மணி 55 நிமிடம்தான் முன்னால் இருக்க வேண்டும், கோலாலம்பூர் 6 மணி 47 நிமிடம். சபா, சரவாக் நேரத்தோடு சேர்வதற்காக 1982 ஜனவரி 1 முதல் மேற்கு மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்தள்ளியது, சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். சூரியன் நம் தலைக்கு மேல் வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, ஒரு மணி வாக்கில் என்பதற்கு இதுதான் காரணம்.

அன்றைய கப்பல்களில் துறைமுகத்தின் நேரத்தைச் சுமந்துசெல்ல வழியில்லை. கரையில் நன்றாக ஓடிய ஊசல் கடிகாரம் அலையில் தடுமாறும். வெப்பத்தில் உலோகம் நீளும், குளிரில் எண்ணெய் கெட்டியாகும். 1707 அக்டோபரில் நாடு திரும்பிய பிரிட்டிஷ் கடற்படையின் நான்கு கப்பல்கள் இருப்பிடம் தெரியாமல் சில்லி தீவுப் பாறைகளில் மோதின. மாண்டவர்கள் 1,400 பேருக்கும் மேல். ஏழு ஆண்டு கழித்து, 1714-இல், நாடாளுமன்றம் பரிசு அறிவித்தது. தீர்க்கரேகையை அரைப் பாகைக்குள் சொல்லும் முறைக்கு 20,000 பவுண்ட். மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் ஆறு வாரப் பயணத்தில் நாளொன்றுக்கு மூன்று வினாடிக்கு மேல் பிசகக் கூடாது என்று அர்த்தம்.

கூடத்தில் முதலில் நிற்பது எச்-1. 34 கிலோ எடை, மரச் சக்கரங்கள், எதிரெதிராக ஆடும் இரண்டு பித்தளைத் தண்டுகள். இன்றும் ஓடுகிறது, அதுவும் எண்ணெய் இல்லாமல். பிசின் கசியும் ஒருவகை மரத்தை உராயும் இடங்களில் வைத்தது தச்சரின் மூளை. 1736-இல் லிஸ்பனுக்குப் போய் வந்து நல்ல பெயர் வாங்கியது. வேறு யாராவது என்றால் உடனே பெரிய சோதனைக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். இவரோ வாரியத்தின் முன் நின்று, தன் கடிகாரத்தின் குறைகளைத் தானே அடுக்கி, இன்னொன்று செய்யப் பணம் கேட்டார். எச்-2-இலும் குறை கண்டு ஒதுக்கினார். எச்-3-க்கு 19 ஆண்டு போனது.

அடுத்த கண்ணாடிப் பெட்டியில் இருப்பதைப் பார்த்து எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. எச்-4 பெரிய கைக்கடிகாரம் போல 13 சென்டிமீட்டர் அகலம், ஒன்றரைக் கிலோகூட இல்லை. 30 ஆண்டு பெரிய இயந்திரங்களோடு மல்லுக்கட்டியவர், விடை சின்னதில் இருக்கிறது என்று வழியையே மாற்றிக்கொண்டார். இது எண்ணெயில் ஓடுவது. தேய்ந்துவிடும் என்று ஓடவிடாமல் வைத்திருக்கிறார்கள்.

1761-இல் அதை ஜமைக்காவுக்கு எடுத்துப் போனவர் மகன் வில்லியம், தந்தைக்கு அப்போது 68 வயது. வழியில் பீர் கெட்டுப்போக, மாலுமிகள் மடெய்ரா தீவு எப்போது வரும் என்று தவித்தார்கள். கேப்டனின் கணக்கும் கடிகாரத்தின் கணக்கும் ஒன்றரைப் பாகை வேறுபட்டன. இதே திசையில் போங்கள், நாளை தீவு தெரியும் என்றார் வில்லியம். மறுநாள் தெரிந்தது. ஜமைக்கா சேர்ந்தபோது 81 நாளில் கடிகாரம் பிசகியது ஐந்து வினாடி. ஒலிபரப்பில் ஐந்து வினாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்கு வியர்த்துவிடும். கடலில் அது சுமார் இரண்டு கிலோமீட்டர்.

வாரியம் அதை அதிர்ஷ்டம் என்றது. பார்படோசுக்கு இன்னொரு சோதனை நடந்தது, அதிலும் கடிகாரம் தேறியது. 1765-இல் பாதிப் பரிசைக் கொடுத்து, கடிகாரங்களை ஒப்படைக்கச் சொன்னார்கள். எடுத்துப்போக வந்தவர் அரச வானியலாளர் நெவில் மாஸ்கலின். எச்-1-ஐ ஆட்கள் கீழே போட்டுவிட்டார்கள். மீதியை இந்தக் குன்றுக்கு வண்டியில் ஏற்றி வந்தார்கள். கடைசியில் அரசர் மூன்றாம் ஜார்ஜ் வரை முறையீடு போய், 1773-இல் நாடாளுமன்றம் 8,750 பவுண்ட் கொடுத்தது. ஹாரிசனுக்கு அப்போது வயது 80. அடுத்த மூன்றாவது ஆண்டில் காலமானார்.

மாஸ்கலினை வில்லனாக்கிக் கதை சொல்வது சுலபம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. நிலவின் நிலையை அளந்து தீர்க்கரேகை காண்பது அவர் முறை. அதற்காக 1767 முதல் அவர் வெளியிட்ட பஞ்சாங்கமும் கப்பல்களைக் காப்பாற்றியது. கடிகாரம் விலை அதிகம், நிலா இலவசம். எச்-4-ஐப் பார்த்து லார்கம் கெண்டல் செய்த நகலோடு 1772-இல் புறப்பட்ட கேப்டன் குக்கும் இரண்டு முறைகளையும் பயன்படுத்தினார். ஆனால் போட்டியில் இருப்பவரே நடுவராகவும் இருந்தது எந்த ஊரிலும் நியாயமில்லை.

போகிறவர்களுக்கு ஒன்று. கட்டி சார்க் ரயில் நிலையத்தில் இறங்கி, பூங்கா வழியாகக் குன்றேற அரை மணி வைத்துக்கொள்ளுங்கள், ஏற்றம் செங்குத்து. பகல் 12.55-க்குள் கூரையைப் பார்க்கும்படி நின்றுவிடுங்கள். சிவப்புப் பந்து ஒன்று கம்பத்தில் பாதி ஏறும், 12.58-க்கு உச்சிக்குப் போகும், சரியாக ஒரு மணிக்கு விழும். 1833 முதல் தேம்ஸ் நதிக் கப்பல்கள் தங்கள் காலமானிகளைச் சரிசெய்துகொண்டது இதைப் பார்த்துத்தான். பலமான காற்றடித்தால் பந்து ஏறாது. லண்டன் போக முடியாதவர்கள் சிங்கப்பூர் ஃபோர்ட் கேனிங் குன்றுக்குப் போகலாம். நம் துறைமுகக் கப்பல்களுக்கு நேரம் காட்டிய பந்தின் மாதிரி அங்கே கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. டிக்கெட் வேண்டாம்.