வெங்காயம் யார் கணக்கில்?

1998 மே மாதம் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது தில்லித் தெருக்களில் இனிப்பு வழங்கிக் கொண்டாடினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதே தில்லி சட்டசபைத் தேர்தலைச் சந்தித்தபோது அணுகுண்டைப் பற்றிய பேச்சு அடங்கிப்போயிருந்தது. கிலோ 60 ரூபாயைத் தொட்டுவிட்ட வெங்காயம்தான் எல்லோர் வாயிலும். அதாவது, பேச்சில் மட்டும்.

ஆர்.கே. புரம் அரசுக் குடியிருப்பில் அப்போது இருந்த ஒரு தமிழ்க் குடும்பத் தலைவிக்கு அந்த மாதங்கள் நன்றாக நினைவிருக்கின்றன. நினைவு தவறினாலும் கவலையில்லை, நோட்டு இருக்கிறது. கும்பகோணம் பக்கத்திலிருந்து 1974-ல் கல்யாணமாகி தில்லிக்கு ரயிலேறியவர் அவர். மத்திய அரசில் எழுத்தராக இருந்த கணவரின் சம்பளம் மாதக் கடைசி வரை வரவேண்டுமே என்று ஆரம்பித்தது கணக்கு எழுதும் பழக்கம். பால், அரிசி, மண்ணெண்ணெய், பஸ் செலவு, ஊருக்கு மணியார்டர் என்று எல்லாவற்றையும் இரவில் எழுதிவிட்டுத்தான் படுப்பார். 1998 அக்டோபர் பக்கங்களில் 'வெங்காயம் கால் கிலோ' என்று திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு முன்பு அவர் வெங்காயத்தைக் கால் கிலோவாக வாங்கியதே இல்லை. வெங்காய சாம்பார் முள்ளங்கி சாம்பாராயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஊத்தப்பம் நின்றது. பச்சை மிளகாயும் கொத்துமல்லியும் கொசுறு போடும் தள்ளுவண்டிக்காரர் எப்போதாவது ஒரு வெங்காயத்தையும் சேர்த்துப் போடுவார். அதுவும் நின்றது.

கணவர் தினம் இரண்டு பேப்பர் படிப்பவர். வல்லரசு, பொருளாதாரத் தடை, கூட்டணி தர்மம் என்று பேசுவார். "ஒரு வெங்காயத்துக்காக ஆட்சியை மாத்துவியா நீ?" என்று கேட்டிருக்கிறார். "நீங்க பேப்பரைப் பார்த்து ஓட்டுப் போடறீங்க. நான் காய்கறிப் பையைப் பார்த்துப் போடறேன்" என்பது மனைவியின் பதில். வீட்டில் அதற்கு மேல் விவாதம் நடக்கவில்லை.

அந்த ஆண்டு காலம் தவறிப் பெய்த மழையில் பயிர் பாழானது. மத்தியிலும் பா.ஜ.க. ஆட்சி, தில்லியிலும் பா.ஜ.க. ஆட்சி. பழியைத் தள்ளிவிட வேறு ஆள் கிடையாது. தேர்தலுக்கு ஆறு வாரம் இருக்கும்போது முதல்வர் சாஹிப் சிங் வர்மாவை மாற்றிவிட்டு சுஷ்மா ஸ்வராஜைக் கொண்டுவந்தார்கள். அரசு வண்டிகள் தெருத் தெருவாக மலிவு விலை வெங்காயம் விற்றன. வரிசையில் நின்று வாங்கியவர்கள் பலர் வாக்குச்சாவடி வரிசையில் வேறு முடிவோடு நின்றார்கள். 1993-ல் 70-ல் 49 தொகுதிகளை வென்றிருந்த பா.ஜ.க.வுக்கு 15 கிடைத்தது. காங்கிரஸுக்கு 52. ஷீலா தீட்சித் முதல்வரானார், 15 ஆண்டுகள் நீடித்தார். ராஜஸ்தானிலும் ஆட்சி பறிபோனது. அங்கே காங்கிரஸுக்கு 200-ல் 153.

இப்படி நடந்தது முதல் தடவையும் அல்ல. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் ஜனதா கட்சியின் உட்பூசலோடு வெங்காய விலையையும் இந்திரா காந்தி மேடைக்கு மேடை கொண்டுபோனார். 353 இடங்களோடு ஆட்சிக்குத் திரும்பினார். அன்றிலிருந்து வெங்காயம் என்றால் எந்தக் கட்சிக்கும் உள்ளூர ஒரு நடுக்கம் உண்டு. இத்தனைக்கும் 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட சில்லறை விலைக் குறியீட்டில் வெங்காயத்துக்குக் கிடைத்த பங்கு வெறும் 0.64 சதவீதம்.

குறியீட்டில் இவ்வளவு சிறியது, ஓட்டில் எப்படி இவ்வளவு பெரியதாகிறது? அந்தப் பெண்மணியின் நோட்டிலேயே விடை இருக்கிறது. எல்லையில் என்ன நடக்கிறது என்பதை அவருக்கு யாராவது சொல்ல வேண்டும். நாட்டின் வளர்ச்சி விகிதம் எவ்வளவு என்பதையும் யாராவது சொல்ல வேண்டும். சொல்பவர் பொய் சொல்லலாம், மிகைப்படுத்தலாம். வெங்காய விலையை அவருக்கு யாரும் சொல்ல வேண்டாம். வாரத்தில் மூன்று நாள் தன் கையால் பொறுக்கி, தராசில் வைத்து, தன் பணத்தைக் கொடுத்துத் தெரிந்துகொள்கிறார். ஆட்சியைப் பற்றி அவர் நேராகச் சோதித்துப் பார்க்க முடிகிற சில விஷயங்களில் அது ஒன்று. அந்தச் சோதனையில் தோற்ற அரசு, சோதிக்க முடியாத மற்ற விஷயங்களில் சொல்வதையும் அவர் நம்புவதில்லை.

ஆனால் விலை ஏறினால் ஆட்சி விழும் என்று சூத்திரம் எழுதிவிட முடியாது. 1998-ல் தில்லி, ராஜஸ்தானோடு மத்தியப் பிரதேசமும் வாக்களித்தது. அங்கேயும் வெங்காயம் மலிவாக இல்லை. ஆட்சியில் இருந்த காங்கிரஸோ, திக்விஜய் சிங் தலைமையில் 320-ல் 172 இடங்களை வென்று ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. போபாலில் ஆண்டவரை விட்டுவிட்டு, தில்லியில் ஆண்டவர் பேரில் அந்தப் பற்றை எழுதினார்கள் வாக்காளர்கள். அடுத்த வேடிக்கை 1999-ல். கார்கில் போருக்குப் பிறகு மக்களவைத் தேர்தல் வந்தது. சட்டசபையில் பா.ஜ.க.வை 15 இடத்துக்கு இறக்கிய தில்லி, ஓராண்டுக்குள் மக்களவையின் ஏழு தொகுதிகளையும் அதே கட்சிக்குக் கொடுத்தது. அந்தப் பெண்மணியின் நோட்டில் வெங்காயம் அதற்குள் இரண்டு கிலோவுக்குத் திரும்பியிருந்தது.

ஆக, வாக்காளர் விலையை மட்டும் பார்ப்பதில்லை. அந்த விலையை யார் கணக்கில் எழுதுவது என்றும் முடிவு செய்கிறார். கட்சிகளின் பிரசாரத்தில் பெரும்பகுதி இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதுதான். விலை ஏறியிருப்பதை எந்த ஆளும் கட்சியாலும் மறுக்க முடியாது. அதனால் மழையின் பேரில் எழுதுங்கள், பதுக்கல்காரர் பேரில் எழுதுங்கள், மாநில அரசின் பேரில் எழுதுங்கள் என்று மன்றாடும்.

வெங்காயத்துக்கும் தேர்தலுக்கும் உள்ள பந்தத்தில் காலண்டருக்கும் பங்கு உண்டு. நாட்டின் வெங்காயத்தில் பெரும்பகுதி ராபி பருவத்தில் விளைந்து கோடையில் அறுவடையாகிறது. காற்றோட்டமான கொட்டகைகளில் அதைச் சேமித்து மாதக்கணக்கில் விற்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் அந்த இருப்பு கரைந்து, மிச்சமும் அழுகவோ முளைக்கவோ ஆரம்பிக்கும். அடுத்த பருவத்து வெங்காயம் அப்போது வயலில் இருக்கும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் போச்சு. ராஜஸ்தானும் மத்தியப் பிரதேசமும், அந்த நாளில் தில்லியும், தேர்தலுக்குப் போனது நவம்பர், டிசம்பர் மாதங்களில்தான். வெங்காயம் மிகவும் அரிதாகும் பருவமும் வாக்குப்பெட்டி திறக்கும் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இவ்வளவும் வாங்குபவரின் கதை. விளைவிப்பவரின் கதையை அந்தப் பெண்மணி தெரிந்துகொண்டது 2024 பிப்ரவரியில்தான். வங்கியில் வேலை பார்க்கும் மகளுக்கு நாசிக்குக்கு மாற்றல். பேரனைப் பார்த்துக்கொள்ள அவர் போயிருந்தார். வீட்டுச் சொந்தக்காரர் திண்டோரி பக்கத்து விவசாயக் குடும்பம். ஊரில் அண்ணன் தம்பிகள் வெங்காயமும் திராட்சையும் போடுகிறார்கள். ஒருநாள் மாலை அவர் இரண்டு கைப்பிடி உள்ள பெரிய பை நிறைய வெங்காயம் கொண்டுவந்து வாசலில் வைத்தார். எவ்வளவு என்று இந்தியில் கேட்டார் இந்த அம்மாள். "பணமெல்லாம் வேண்டாம் மாவ்ஷி. லாசல்காவுக்கு ஏற்றிப்போனால் வண்டி வாடகைகூடத் தேறாது. நீங்களாவது சாப்பிடுங்கள்" என்றார் அவர்.

முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்தில் தில்லியில் வெங்காயம் 60 ரூபாயைத் தாண்டியபோது அந்தப் பெண்மணி வழக்கம்போல அரசைத் திட்டியிருந்தார். ஆகஸ்டிலேயே 40 சதவீத ஏற்றுமதி வரி போட்டாயிற்று. டிசம்பர் 8-ல் ஏற்றுமதிக்கே தடை வந்தது. வங்கதேசத்துக்கும் மலேசியாவுக்கும் போகவேண்டிய சரக்கு உள்ளூரில் தங்கியது. லாசல்காவ் சந்தையில் சில வாரங்களில் விலை பாதிக்கும் கீழே விழுந்தது. விவசாயிகள் ஏலத்தை நிறுத்தினார்கள், மும்பை-ஆக்ரா நெடுஞ்சாலையை மறித்தார்கள். தில்லியில் விலை இறங்கியது. நோட்டில் 'வெங்காயம் 2 கிலோ' என்று எழுதி, அரசுக்கு இப்போதாவது புத்தி வந்ததே என்று அவர் நினைத்த வாரமும் அதுதான்.

"விலை ஏறினால் டிவியில் நீங்கள் அழுவதைக் காட்டுகிறார்கள் மாவ்ஷி. இறங்கினால் எங்கள் வீட்டுக்கு யார் கேமராவோடு வருகிறார்கள்?" என்று கேட்டார் வீட்டுக்காரர். கோபமாகக் கேட்கவில்லை. அந்த ஊரில் இது பழைய கேள்வி. 2018-ல் நாசிக் மாவட்ட விவசாயி ஒருவர் 750 கிலோ வெங்காயம் விற்றுக் கிடைத்த 1,064 ரூபாயைப் பிரதமருக்கு மணியார்டர் செய்த செய்தி நாடெங்கும் வந்தது. கிலோவுக்கு ஒன்றரை ரூபாய்கூட இல்லை. ஊருக்கு மணியார்டர் அனுப்பியே பழகிய அம்மாளுக்கு அதைக் கேட்டதும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை.

அரசுகள் ஏன் இப்படிச் செய்கின்றன என்பதில் மர்மம் எதுவும் இல்லை. வெங்காயம் வாங்குபவர் 543 மக்களவைத் தொகுதிகளிலும் இருக்கிறார். வெங்காயம் விளைவிப்பவர் முடிவை மாற்றக்கூடிய தொகுதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2019, 2020, 2023 என்று ஏற்றுமதிக் கதவு மீண்டும் மீண்டும் சாத்தப்பட்டதற்கு 1998-ல் தில்லி கற்பித்த பாடமும் ஒரு காரணம். மலிவு விலை வண்டிகளும் தொடர்கின்றன. 2024 அக்டோபரில் நாசிக்கிலிருந்து தில்லிக்கு 'காந்தா எக்ஸ்பிரஸ்' என்று ஒரு ரயிலில் 1,600 டன் வெங்காயம் அனுப்பினார்கள். வாங்குபவரின் கோபத்துக்கு அரசு பயந்தது. அந்தக் கோபத்துக்கான விலையைக் கொடுத்தவர் விவசாயி.

2024 மே 20-ல் நாசிக் மாவட்டம் திருப்பிக் கொடுத்தது. ஏற்றுமதித் தடையை மே 4-ல் விலக்கிப் பார்த்தார்கள், காலம் கடந்துவிட்டது. திண்டோரியில் மத்திய இணையமைச்சர் பாரதி பவார் தோற்றார். நாசிக்கிலும் ஆளும் கூட்டணி தோற்றது. விலை ஏறியதற்காக ஆட்சியைத் தண்டித்த வெங்காயம், விலை இறங்கியதற்காகவும் தண்டித்தது. ஆனால் இங்கேயும் கோபம் நீண்ட நாள் நிலைக்கவில்லை. நவம்பரில் மகாராஷ்டிர சட்டசபைத் தேர்தல் வருவதற்குள் ஏற்றுமதி வரி பாதியாகியிருந்தது. பெண்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தரும் திட்டமும் வந்திருந்தது. அதே கூட்டணி நாசிக் மாவட்டத்துத் தொகுதிகளில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டது. மிச்சமிருந்த ஏற்றுமதி வரி 2025 ஏப்ரலில் நீக்கப்பட்டது.

எந்த ஒரு பிரச்னை வாக்கைத் தீர்மானிக்கிறது என்று ஆய்வாளர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன் லோக்நீதி-சி.எஸ்.டி.எஸ். கேட்டபோது 27 சதவீதம் பேர் வேலையின்மை என்றார்கள், 23 சதவீதம் பேர் விலைவாசி என்றார்கள். விலைவாசிக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கோ, பாதிக்கு மேற்பட்டோர் மத்திய அரசு, மாநில அரசு இரண்டும்தான் என்றார்கள். இரண்டு பேருக்கும் பங்கு உண்டு என்று கருதுபவரின் ஓட்டு எந்தப் பக்கமும் போகலாம். கட்சிகளுக்கு அதில்தான் நம்பிக்கை.

மே மாதம் தில்லி திரும்பிய அந்தப் பெண்மணி 25-ம் தேதி வாக்களித்தார். யாருக்கு என்பதை இந்த 50 வருடத்தில் கணவருக்கே சொன்னதில்லை. நோட்டில் மட்டும் ஒரு மாற்றம் தெரிகிறது. வெங்காய விலைக்குப் பக்கத்தில், மகளிடம் போனில் கேட்டு, லாசல்காவ் விலையையும் எழுத ஆரம்பித்திருக்கிறார். "அதை எழுதி என்ன ஆகப்போறது?" என்கிறார் கணவர். ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் தில்லி விலை ஏறும் வாரத்தில் லாசல்காவ் விலையும் ஏறினால் அவர் இப்போது வாய் திறப்பதில்லை. அங்கே இறங்கியும் இங்கே இறங்காவிட்டால் தள்ளுவண்டிக்காரரிடம் காரணம் கேட்கிறார், எதிர்வீட்டுக்காரரிடம் சொல்கிறார்.

ஒரு விலையை மட்டும் பார்க்கிற வாக்காளரை எப்படிச் சமாளிப்பது என்று 1980-லிருந்து எல்லாக் கட்சிகளுக்கும் தெரியும்: துறைமுகத்தைச் சாத்து, வண்டியை அனுப்பு. இரண்டு விலையையும் பார்ப்பவர்கள் பெருகினால் அந்த வித்தை பலிக்காது. சேமிப்புக் கிடங்கு, நடுவில் போகும் லாபம், அறுவடைக் காலத்தில் விவசாயிக்கு ஒரு நியாய விலை என்று கஷ்டமான வேலைகளைத்தான் செய்தாக வேண்டியிருக்கும். அதுவரை வெங்காயம் ஒவ்வொரு தேர்தலிலும் யாரையாவது அழவைத்துக்கொண்டே இருக்கும். தேர்தல் ஆணையம் எண்ணுவது அந்தக் கண்ணீரில் ஒரு பகுதியை மட்டுமே.