சான் அன்டோனியோவில் ஒரு சின்ன டீசல் வண்டி தேடி

"பெரிய டீசல் இருக்கு. சின்ன வண்டியும் இருக்கு. சின்ன டீசல்தான் இல்லை." விற்பனையாளர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். இதே கேள்வியை ஏற்கெனவே பலர் கேட்டிருக்க வேண்டும். பதில் அவ்வளவு தயாராக வந்தது.

டெக்சாஸ் மாநிலம், சான் அன்டோனியோவின் சுற்றுச்சாலை. இருபுறமும் ஷோரூம்கள். தங்கை மகன் ஊருக்கு வெளியே ஐந்து ஏக்கர் வாங்கி, ஆடு வளர்க்கத் தொடங்கியிருக்கிறான். தீவனமும் முள்கம்பியும் ஏற்ற ஒரு வண்டி வேண்டும். "நம்ம ஊர்ல வாழைத்தார் ஏத்துற பொலிரோ பிக்கப் மாதிரி ஒண்ணு போதும் மாமா. டீசல், சின்னது, அடிச்சா நசுங்கினாலும் வருத்தப்படாத வண்டி." அவ்வளவுதான் அவன் ஆசை. பிக்கப் வண்டியைக் குலதெய்வமாகக் கும்பிடும் மாநிலத்தில் இது கிடைக்காதா என்றுதான் நானும் நினைத்துக் கிளம்பினேன்.

முதல் வரிசையில் நின்றவை டீசல் வண்டிகள்தாம். ஃபோர்டும் ராமும் 6.7 லிட்டர், செவர்லே 6.6 லிட்டர். பானெட் என் மார்பு உயரத்துக்கு வந்தது. டீசல் எஞ்சினுக்கு மட்டும் ஏறத்தாழ பத்தாயிரம் டாலர் கூடுதல். அடுத்த வரிசையில் டொயோட்டா டகோமா, ஃபோர்டு ரேஞ்சர், செவர்லே கொலராடோ. இங்கே இவற்றைத்தான் 'மிட்சைஸ்' என்கிறார்கள். எல்லாம் பெட்ரோல். டகோமாவின் நீளம் ஏறத்தாழ 5.4 மீட்டர். நம் தெருவில் இதைத் திருப்ப வேண்டுமென்றால் எதிர்வீட்டுத் திண்ணையை இடிக்க வேண்டியிருக்கும்.

நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. 1979இல் எண்ணெய் விலை ஏறியதும், 1980களின் தொடக்கத்தில் டாட்சன், டொயோட்டா, இசுசு, மஸ்டா, மிட்சுபிஷி எல்லாமே அமெரிக்காவில் சின்ன டீசல் பிக்கப் விற்றன. ஃபோக்ஸ்வாகன் தன் குட்டி டீசல் பிக்கப்பைப் பென்சில்வேனியாவிலேயே தயாரித்தது. முதல் ஃபோர்டு ரேஞ்சரிலும் 2.2 லிட்டர் டீசல் கிடைத்தது. 1986இல் கச்சா எண்ணெய் விலை சரிந்தது. பெட்ரோல் மலிவானதும் அந்த வண்டிகளை யாரும் சீந்தவில்லை.

இந்தக் கதையைப் பேசினால் எந்த அமெரிக்கரும் உடனே கோழியை இழுப்பார். விற்பனையாளரும் இழுத்தார். 1960களின் தொடக்கத்தில் பண்ணைகளில் மொத்தமாக வளர்த்த மலிவான அமெரிக்கக் கோழி மேற்கு ஜெர்மனிச் சந்தையில் போய்க் குவிந்தது. ஐரோப்பியப் பொதுச்சந்தை வரியை ஏற்றித் தடுத்தது. பதிலடியாக 1963 டிசம்பரில் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் பிராந்தி, உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின், இலகு ரக டிரக் ஆகியவற்றின் மீது 25 சதவீத வரி போட்டார். மற்றவற்றுக்கான வரி பின்னாளில் போய்விட்டது. 'கோழி வரி' என்று பெயர் பெற்றுவிட்ட டிரக் வரி மட்டும் போகவில்லை. காருக்கு 2.5 சதவீதம் என்றிருந்த காலத்திலும் டிரக்குக்கு அதே 25 சதவீதம்தான். சுபாரு தன் பிராட் பிக்கப்பின் பின்தொட்டியில் இரண்டு பிளாஸ்டிக் இருக்கைகளைப் பொருத்தி, இது டிரக் இல்லை, பயணிகள் வாகனம் என்று சாதித்தது. ரொனால்ட் ரேகன் தன் கலிஃபோர்னியப் பண்ணையில் வைத்திருந்தது அந்த வண்டியைத்தான்.

கேட்கச் சுவையான கதை. தாய்லாந்தில் தயாராகும் ஹைலக்ஸும் டி-மேக்ஸும் இங்கே வராததற்கு இந்த வரி பெரிய காரணம் என்பதும் உண்மை. ஆனால் டீசலைக் கொன்ற பழியையும் கோழி தலையிலேயே போடுவதை என்னால் ஒப்ப முடியவில்லை. ஏன் என்பது அடுத்த இடத்தில், பழைய வண்டி விற்கும் ஒரு திடலில், கண்ணெதிரே நின்றது.

2.8 லிட்டர் டீசல் எஞ்சின் உள்ள செவர்லே கொலராடோ. செல்ஃப் அடித்ததும் அந்தக் கடகடப்பு. பையன் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. எஞ்சின் தாய்லாந்தில் இருந்து வந்தாலும், வண்டி மிசூரி மாநிலம் வென்ட்ஸ்வில்லில் கோக்கப்பட்டது. ஆகவே கோழி வரி இதைத் தொடவில்லை. 2016 மாடலில் அறிமுகமாகி 2022 மாடலோடு நிறுத்திவிட்டார்கள். ஜீப் கிளாடியேட்டரும் ஒஹாயோவின் டொலிடோவில் தயாரானதுதான். அதன் 3 லிட்டர் டீசலும் 2023 மாடலோடு முடிந்தது. உள்நாட்டு வண்டிகளே நிலைக்கவில்லை என்றால் எல்லையில் போட்ட வரியை மட்டும் குறைசொல்லி என்ன பயன்?

கீழே குனிந்து பார்த்தேன். எஞ்சினில் இருந்து சைலன்சர் வரை வழிநெடுக உருளைகள். ஒன்று கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி. இன்னொன்று யூரியா கரைசலைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடை முறிக்கும் அறை. அதற்கென்று தனித் தொட்டி, பம்பு, சூடேற்றி, சென்சார்கள். ஐரோப்பா தன் விதிகளில் டீசலுக்குக் கொஞ்சம் சலுகை கொடுத்தது. அமெரிக்கா 2004 முதல் படிப்படியாக அமலாக்கிய விதி, டீசலோ பெட்ரோலோ எல்லா எஞ்சினுக்கும் ஒரே அளவுகோல் என்றது. ஒரு நிறுவனத்தின் வண்டிகள் சராசரியாக எட்டவேண்டியிருந்த வரம்பு மைலுக்கு 0.07 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு. 2015இல் ஃபோக்ஸ்வாகனின் மாசுச் சோதனை மோசடி மென்பொருள் அம்பலமானதும் டீசலைப் பார்க்கும் கண்களே மாறிவிட்டன. நகரக் காற்றுக்காக இந்த விதியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எஞ்சினைப் பாதியாகக் குறைத்தால் இந்த உருளைகளின் செலவு பாதியாகக் குறைவதில்லை. எழுபதாயிரம் டாலர் வண்டி அந்தச் சுமையைத் தாங்கும். சின்ன வண்டி எதில் இருந்து தாங்கும்?

எதிரே பங்க். டீசல் விலை சாதாரண பெட்ரோலை விட அதிகம். மத்திய அரசு வரியே பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். நம் ஊரில் வெகுகாலம் டீசலை மலிவாக வைத்து ஓட்டிய கணக்கு இங்கே தலைகீழ். பையன் மொபைலை எடுத்துக் கணக்குப் போட்டான். புதிதாக வந்தபோது அந்த டீசல் எஞ்சினுக்கு, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சினை விட 3,730 டாலர் கூடுதல். ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டம், பெட்ரோல் கேலனுக்கு 20 மைலும் டீசல் 25 மைலும் கொடுப்பதாக, பெட்ரோல் மூன்று டாலர், டீசல் மூன்றரை டாலர் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் ஆண்டுக்கு 150 டாலர்.

"முதல் எடுக்க இருபத்தஞ்சு வருஷம் ஆகும் மாமா."

யூரியா செலவை அவன் சேர்க்கவே இல்லை.

இருபத்தைந்து என்ற எண் இங்கே இன்னொரு இடத்திலும் வரும். 1988இல் வந்த சட்டப்படி, அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்பத் தயாராகாத வெளிநாட்டு வண்டியைக் கொண்டுவர அதற்கு 25 வயது நிறைந்திருக்க வேண்டும். அப்படி வந்த வண்டிகளை விற்கும் ஒரு கிடங்குக்கும் போனோம். தகரக் கூரைக்குக் கீழ் ஜப்பானில் இருந்து வந்த 660 சிசி குட்டி டிரக்குகள். அவை பெட்ரோல். மூலையில் ஒரு வெள்ளை ஹைலக்ஸ், இரட்டை கேபின், 2.8 லிட்டர் டீசல், 1990களில் பிறந்தது. ஸ்டியரிங் வலப்பக்கம். பையன் ஏறி உட்கார்ந்ததும் அவன் கை தானாக கியருக்குப் போனது. ஹீட்டர் விளக்கு அணையும் வரை காத்திருந்து சாவியைத் திருப்பினான். லேசான புகை, பழகிய வாசனை.

"இதுக்கும் கோழி வரி கட்டினீங்களா?" என்று கேட்டேன்.

"கட்டாமலா? இருபத்தஞ்சு சதவீதம். வயசாச்சுன்னு சுங்கத்துல யாரும் தள்ளுபடி தர்றதில்லை" என்றார் கிடங்குக்காரர். அவர் சொன்ன விலை ஒரு புது ஃபோர்டு மேவரிக்கை நெருங்கியது.

மேவரிக்கைத்தான் நான் சின்ன டீசலின் உண்மையான கொலையாளி என்பேன். மெக்சிகோவின் எர்மோசியோவில் தயாராகும் சின்ன பிக்கப். 2022 மாடலாக வந்தபோது ஹைப்ரிட் எஞ்சினோடு 19,995 டாலர். நகருக்குள் டீசலை விடக் கூடுதல் மைலேஜ், யூரியா கிடையாது, சத்தம் கிடையாது. வரிசையில் நின்று முன்பதிவு செய்தார்கள். சின்ன வண்டிக்கு இங்கே ஆளில்லை என்று சொல்லிவந்தவர்கள் வாயடைத்துப் போனார்கள். ஆளிருந்தும் வண்டி ஏன் பெருத்துக்கொண்டே போனது என்றால், எரிபொருள் சிக்கன விதிக்கும் அதில் பங்குண்டு. சக்கரங்களுக்கு இடையிலான பரப்பளவு கூடினால் எட்ட வேண்டிய மைலேஜ் இலக்கு குறையும். சின்ன பிக்கப் தயாரிப்பவருக்கு அது தண்டனை மாதிரி. பழைய ரேஞ்சரைத் தயாரித்த மினசோட்டா தொழிற்சாலை 2011 டிசம்பரில் மூடப்பட்டது. 2019இல் திரும்பி வந்த ரேஞ்சர் பெரிய உடம்போடு வந்தது. உலகின் மற்ற மூலைகளில் அதே ரேஞ்சரை டீசலில் வாங்கலாம். இங்கே கிடையாது.

திரும்பும் வழியில் ஒரு டிராக்டர் கடையில் நிறுத்தச் சொன்னேன். சிவப்பு மஹிந்திரா டிராக்டர்கள் வரிசையாக நின்றன. எல்லாம் டீசல், சாலையில் ஓடாத எஞ்சினுக்கு விதிகள் தனி. டெக்சாஸ் விவசாயிக்கு மஹிந்திரா நன்றாகப் பழகிய பெயர். அதன் டீசல் பிக்கப்பையும் இங்கே கொண்டுவர 2000களின் பிற்பாதியில் முயன்றார்கள். 2010 ஆகஸ்டில் மாசுக்கட்டுப்பாட்டுச் சான்றிதழ்கூடக் கிடைத்தது. அதற்குள் இறக்குமதி செய்யவிருந்த நிறுவனத்தோடு உறவு முறிந்து, விவகாரம் நீதிமன்றம் போய், ஒரு வண்டிகூட விற்பனைக்கு வரவில்லை. வந்திருந்தால் பையன் அலைந்திருக்க மாட்டான். அல்லது, மேலே போட்ட கணக்கைப் பார்த்தால், அதுவும் சில வருடங்களில் நின்றிருக்கும். இரண்டாவதுதான் நடந்திருக்கும் என்பது என் எண்ணம்.

மறுநாள் சான் மார்க்கோஸ் தள்ளுபடிக் கடை வளாகத்துக்குப் போனோம். மெக்சிகோவின் மான்டெர்ரேயில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து துணி வாங்கும் இடம். வாகன நிறுத்தத்தில் பையன் சட்டென்று நின்றான். சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டான். புத்தம் புது ஹைலக்ஸ் டீசல், நியூவோ லியோன் மாநிலப் பதிவெண். உரிமையாளர் பின்தொட்டியில் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். பையன் அரைகுறை ஸ்பானிய மொழியில், விற்பீர்களா என்று விளையாட்டாகக் கேட்டான். அவர் சத்தமாகச் சிரித்தார். சுற்றுலா வந்தவர் தன் வண்டியை இங்கே ஓட்டலாம். விற்கக் கூடாது, ஓராண்டுக்குள் எல்லைக்கு வெளியே கொண்டுபோய்விட வேண்டும். அவருக்கு அது தெரிந்தே இருந்தது. ஆனால் அவருக்கு வேறொரு குறை இருந்தது: கைக்கு எட்டாத டகோமா ஹைப்ரிட் மேல்தான் தனக்கு ஆசை என்றார். டகோமா தயாராவது மெக்சிகோவில் என்று பையன் சொன்னதும், "அதுதான் எரிச்சல்" என்று கதவைச் சாத்தினார்.