வருமுன் காக்கும் மருந்து

சத்திரசிகிச்சைக்கு முன் நுண்ணுயிரெதிரி மருந்து கொடுப்பது ஏன் என வைத்திய மாணவரை வினவினால், கிருமி தொற்றாதிருக்கவே என்ற விடை உடனே வரும். எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது நிறுத்துவது என வினவினாலோ நாத் தடுமாறும். கற்பிக்கும் யாம் பன்முறை கண்டது இது.

இங்கு காலமே உயிர்நாடி. கிருமி புகுமுன்னரே மருந்து உடலில் இருப்பின் பயன் மிகுதி என்றும், புகுந்து மூன்று மணித்தியாலம் கழிந்தபின் பயனில்லை என்றும் அமெரிக்க வைத்தியர் ஜோன் பேர்க் 1961இல் கினிப்பன்றிகளிற் சோதித்துக் காட்டினார். பயிரை மாடு மேய்ந்தபின் வேலி அடைத்து ஆவதென்ன? 2,847 நோயாளரை ஆராய்ந்து 1992இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வும், கீறலுக்கு முந்திய இரண்டு மணித்தியாலத்துள் மருந்து பெற்றோருக்கே தொற்று மிகக் குறைவு என்றது.

நிறுத்துதலும் அறிவே. காயத்தை மூடியபின் நாட்கணக்காக மருந்தை நீட்டுவது காவலன்று. மருந்துக்கு அடங்காக் கிருமிகளை வளர்ப்பதாகும். அங்ஙனம் நீட்டலாகாதென உலக சுகாதார நிறுவனம் 2016இல் விதந்துரைத்தது. இன்று ஒருவருக்கு வீணே கொடுத்த மருந்து, நாளை உயிருக்குப் போராடும் மற்றொருவருக்கு உதவாது போகலாம்.

வைத்தியத் துறை புகும் எம் கல்லூரி இளைஞர், மருந்தின் பெயரோடு அதன் வேளையையும் எல்லையையும் கற்பாராக.