பால் கறந்த ஆடும் பழுதான தட்டும்

வாங்கிய பொருளில் பழுது கண்டால் அதைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அரபுச் சட்ட நூல்கள் ‘கியாருல் ஐப்’ என்னும் தலைப்பில் விரித்துரைக்கின்றன. ஆடு, துணி, தானியம் ஆகியவற்றைக் காட்டியே அப்பாடத்தை நெடுங்காலம் நடத்தி வந்தேன். அண்மையில் கீரனூரில் என்னிடம் ஓதும் மாணவர் ஒருவர் புதியதோர் உதாரணத்தைக் கொண்டுவந்தார். அது கணினியின் ஹார்ட் டிஸ்க்.

பழைய அரபுத்தமிழ்க் கிதாபுகளைப் படமெடுத்துச் சேமிக்கவே அவர் அத்தட்டை வாங்கினார். வழக்கமான முறையில் பார்மட் செய்திருந்தால் தொல்லையில்லை. கோப்புகளுக்கான அட்டவணையை எழுதுவதோடு அது நின்றுவிடும். அவரோ, தயாரிப்பாளர் அனுமதிக்காத ஒரு நிரலைக் கொண்டு, 512 பைட் அளவிலிருந்த செக்டர்களை 4096 பைட்டாக மாற்ற முற்பட்டார். பாதியில் மின்சாரம் நின்றது. வெறுமையாக இருந்த தட்டு, எழுதவும் படிக்கவும் இயலாததாயிற்று.

வாரண்டிக் காலம் முடியவில்லை. “தானாகவே நின்றுவிட்டது என்று எழுதிக் கொடு” என்றனராம் நண்பர்கள். “அப்படி எழுதலாமா, ஹஜ்ரத்?” என்று கேட்டார் அவர். அன்றைய பாடமே அதுவாயிற்று.

மடியில் பாலைத் தேக்கி விற்கப்பட்ட ஆட்டை வாங்கியவர், கறந்து பார்த்த பின்னரும் மூன்று நாட்களுக்குள் திருப்பலாம். கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழம் தரவேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதாக ஹதீஸ் உண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) முதலானோர் அவ்வாறே தீர்ப்புரைத்தனர். கறக்காமல் மடியின் குறை எவ்வாறு தெரியும்? பார்மட் செய்யாமல் தட்டின் குறை எவ்வாறு தெரியும்? ஆகவே, பார்மட் செய்ததையே காரணங்காட்டிப் பழுதான தட்டை ஏற்க மறுப்பது நீதியன்று.

ஆனால், 1197இல் மறைந்த இமாம் மர்கீனானீ (ரஹ்) இயற்றிய ‘ஹிதாயா’ மறுபுறத்தையும் காட்டுகிறது. வாங்கியவர் கையில் புதிய பழுது நேர்ந்துவிட்டால், விற்றவர் இசைந்தாலன்றித் திருப்ப முடியாது. முன்பே பழுது இருந்திருப்பின் அதற்குரிய விலைக் குறைவை மட்டுமே கேட்கலாம். நம் மாணவரின் தட்டிலோ முன்பழுது ஏதும் தென்படவில்லை.

2020இல் நடைமுறைக்கு வந்த, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், ஆய்வின்றி அறிய இயலாத பழுதைக் கண்டறியப் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப மாவட்ட ஆணையத்துக்கு வழி வகுத்துள்ளது. அங்கும் வினா ஒன்றே: பழுது எவர் கையில் பிறந்தது? தட்டுக்குள்ளேயே ஒரு பதிவேடும் உண்டு. எத்தனை மணி நேரம் ஓடியது, எத்தனை செக்டர்கள் கெட்டன என்பனவற்றை அது குறித்து வைக்கிறது. வலமும் இடமும் அமர்ந்தெழுதும் வானவர்களை நம்பும் நமக்கு இது புதுமையன்று.

மாணவர் நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தார். தட்டு மாற்றித் தரப்படவில்லை. “உண்மை சொல்லிப் பணம் போயிற்றே!” என்றார் உடன் ஓதும் ஒருவர். பணம் போனது மின்சாரம் நின்ற அன்று. உண்மை சொன்ன அன்று அன்று. பொய்யால் அதை மீட்டிருந்தால், இழப்பு இன்னொருவர் தலையில் இறங்கியிருக்கும், அவ்வளவே.