குரலற்ற 45 நிமிடங்கள்

முதுகலைத் தமிழ் பயிலும் மாணவர் ஒருவருக்காகச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை வாசித்துப் பதிவு செய்து வந்தேன். அவருக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கணினியில் எழுத்துருவாக இருப்பவற்றைத் திரைவாசிப்பான் மென்பொருள் அவருக்குப் படித்துக் காட்டிவிடும். ஆனால் பழைய உரைப்பதிப்புகள் பலவும் பக்கங்களின் படங்களாகவே கிடைக்கின்றன. திரைவாசிப்பானுக்கு அவை வெற்றுத்தாள்கள். ஆகவே கிளவியாக்கம், வேற்றுமையியல், வேற்றுமைமயங்கியல் என்று வரிசையாக வாசித்து அனுப்பினேன். பருவத் தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கையில் விளிமரபை அனுப்பினேன்.

மறுநாள் காலை அழைத்தார். “அம்மா, 45 நிமிஷம் ஓடுது. உங்க குரல் மட்டும் இல்லீங்கம்மா.”

அனுப்புமுன் நான் அதை ஒருமுறையேனும் கேட்டுப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதையொட்டி, முந்தைய வாரம்தான் மடிக்கணினியை விண்டோஸ் 11க்கு மாற்றியிருந்தேன். பாட்டு கேட்டது, படம் ஓடியது, ஒலிவாங்கி மட்டும் வேலை செய்யவில்லை. பழுது நீக்கும் கடையில் தாய்ப்பலகையையே மாற்ற வேண்டும் என்றார்கள். கைப்பேசியில் பதியலாம்தான், ஆனால் தடுமாறிய இடங்களை வெட்டி, நூற்பாவாரியாகப் பிரித்துத் தொகுக்க எனக்குக் கணினிதான் கைவரும்.

“கடைக்குக் கொடுக்காதீங்கம்மா. போன்லயே பார்ப்போம். நான் சொல்ற விசையை அழுத்துங்க, திரையில என்ன இருக்குன்னு படிங்க” என்றார் மாணவர்.

படித்தேன். முதலில் அமைப்புகளில் தனியுரிமைப் பகுதிக்கு அழைத்துச் சென்றார். செயலிகள் ஒலிவாங்கியைப் பயன்படுத்த அங்கே இசைவு தர வேண்டும். அது அணைந்திருந்தால் எந்தக் கருவியும் பயன்படாது. இசைவு இருந்தது. அடுத்து விண்டோஸ் விசையுடன் ஆர் எழுத்தை அழுத்தச் சொல்லி, எம், எம், எஸ், ஒய், எஸ், புள்ளி, சி, பி, எல் என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒலிச் சாளரம் திறந்தது. பதிவுக் கருவிகளின் பட்டியலில் ஒரே ஒரு ஒலிவாங்கி.

“அது வெளியில இருந்து மைக் செருகுற துளைங்கம்மா. உள்ளே இருக்கிற மைக் பட்டியல்லயே இல்லை.”

எதுவும் செருகாத அந்தத் துளையிலிருந்துதான் 45 நிமிட மௌனத்தைக் கணினி பதிந்திருக்கிறது.

மூன்றாவதாகச் சாதன மேலாளர். அங்கே ஒலிக்கருவியின் பெயரைப் படித்ததும் அவர் பிடித்துக்கொண்டார். அது விண்டோஸோடு வரும் பொது இயக்கி. ஒலிபெருக்கிக்கு அது போதும். படக்கருவியின் பக்கத்தில் ஊசித்துளைகளுக்குப் பின்னே இருக்கும் எண்ம ஒலிவாங்கிகள் பல மடிக்கணினிகளில் தனி ஒலிச்செயலி வழியே இயங்குகின்றன. அதற்குரிய இயக்கி இல்லையெனில் அவை இருப்பதே கணினிக்குத் தெரியாது. முந்தைய இயக்கிக்குத் திரும்பும் பொத்தான் மங்கிக் கிடந்தது. மடிக்கணினியின் அடிப்புறத்திலிருந்த மாதிரி எண்ணைக் கொண்டு, தயாரிப்பாளரின் தளத்திலிருந்து விண்டோஸ் 11க்குரிய ஒலி இயக்கிகளை இறக்கி நிறுவினேன். கணினியை அணைத்து மீண்டும் தொடங்கியதும் உள் ஒலிவாங்கி பட்டியலில் வந்து நின்றது. பேசினேன்; உள்ளீட்டு அளவைக் காட்டும் பட்டை அசைந்தது.

ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வழக்கம்போல நான் வாசித்தேன், அவர் கேட்டார். பாடம் மட்டும் அவர் நடத்தினார். அந்தச் சாளரங்களில் ஒன்றையும் அவர் கண்டதில்லை. கேட்டுக் கேட்டே அவற்றின் அடுக்கு முழுவதையும் மனத்தில் வைத்திருக்கிறார்.

திருக்குறளில் கேள்வி 42ஆம் அதிகாரம். அறிவுடைமை அதற்கு அடுத்தது. அந்த வரிசையை இருபதாண்டுகளாக வகுப்பில் விளக்கி வருகிறேன். என் குரல் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுப் பார்க்கத்தான் எனக்குத் தோன்றவில்லை.

அன்றிரவே விளிமரபை மறுபடி வாசித்தேன். இம்முறை முழுவதும் கேட்டுவிட்டு அனுப்பினேன். சற்று நேரத்தில் அழைத்தார்.

“நல்லா கேட்குதுங்கம்மா. மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து கேட்குது. அடுத்த தடவை அதை மட்டும் நிறுத்திடுங்க.”